தினமும் இரண்டு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். நெஃப்ராலஜி (சிறுநீரக) வார்டு நிலவரம் தாங்கள் அறியாததல்ல. கண்ணாடிவிரியன் கடித்துச் சிறுநீரகம் நின்றுபோய், ஆறு டயாலிசிஸ் முடிந்தவருக்குப் போன வாரம் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.3-க்கு இறங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘குணமடைந்தார்’ என்று எழுதியாயிற்று. அன்று காலை கழிப்பறையில் குந்தியவரால் எழ முடியவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கியவரை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அந்த 1.3-ஐயும் அப்படியே நம்புவதற்கில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தொடை கரைந்தால் அதுவும்தான் இறங்கும்.

சிறுநீரகம் நின்று ரத்தத்தில் அமிலம் ஏறினாலே உடம்பு தன் தசையை உடைக்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் கூறான அமினோ அமிலம் 6 முதல் 12 கிராம் வேறு போகிறது. இதற்கு மேல் கேஸ் ஷீட்டில் ‘ரீனல் டயட்’ (புரதத்தைக் குறைக்கும் சிறுநீரக உணவு) ரப்பர் ஸ்டாம்ப்! அந்தப் புரதக் கட்டுப்பாடு டயாலிசிஸுக்கு வராத நாள்பட்ட நோயாளிகளுக்கானது. டயாலிசிஸில் இருக்கும் 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 முதல் 90 கிராம் புரதம் என்பது சர்வதேசச் சிறுநீரக அமைப்பான கேடிஐஜிஓவின் 2012 வழிகாட்டுதல் தரும் கணக்கு. கஞ்சியும் ரசம் சாதமும் எந்தக் காலத்தில் அதை எட்டும்? பொட்டாசியம் பயம் நியாயமானது. இளநீரை நிறுத்துங்கள்; முட்டை வெள்ளைக்கரு என்ன பாவம் செய்தது?

ஆகவே கேஸ் ஷீட்டில் தினமும் இரண்டு வரி கேட்கிறோம்: இன்று எத்தனை கிராம் புரதம், இன்று எவ்வளவு அசைவு.

தொடையில் கதீட்டர் (டயாலிசிஸ் குழாய்) இருந்தால் ‘ஆடாமல் படு’ என்பதே வழக்கமாகிவிட்டது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காமல், தையலையும் டிரெஸ்ஸிங்கையும் பார்த்துக்கொண்டு உட்கார வைக்கலாம், நிற்கவும் வைக்கலாம். முதலில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்து, முழங்காலை மெத்தையில் அழுத்திப் பத்து முறை. அடுத்து காலைத் தொங்கவிட்டு உட்காருதல். அதன்பின் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருதல், மூன்று வேளை. டயாலிசிஸ் முடிந்த கையோடு மட்டும் வேண்டாம்; நீர் எடுத்ததில் பிரஷர் இறங்கியிருக்கும். நின்றதும் மேல் பிரஷர் 20 குறைந்தால் உடனே படுக்க வைக்க வேண்டும்.

புது டயாலிசிஸ் மெஷினுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருகிறார்கள். நாற்காலிக்கு யார் வருவார்கள்? போட்டோவில் எடுபடாதே.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. அந்த இரண்டு வரிக்கான சுற்றறிக்கையை இந்த வாரமே அனுப்பிவைக்க வேண்டுகிறோம். கூடவே கைப்பிடி வைத்த நாற்காலிகள் நான்கு.

இப்படிக்கு,
பிசியோதெரபி, டயட் பிரிவினர்