கடல் மிதவைகளின் பராமரிப்புக்குத் தனி நிதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவி அறிவியலுக்கு மத்திய அரசு ஒதுக்கும் நிதி பற்றிய பேச்சு பெரும்பாலும் மொத்தத் தொகையோடு நின்றுவிடுகிறது. 2021 ஜூனில் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய், 2024 ஜனவரியில் புவி அறிவியல் ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் 'பிருத்வி' திட்டத்துக்கு 4,797 கோடி, அதே ஆண்டு செப்டம்பரில் வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2,000 கோடி. சிறிய தொகைகள் அல்ல. ஆனால் பிருத்வி 2021-26 காலத்துக்கானது. அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. பணம் எந்த மாதம், எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நிறுத்தியிருக்கும் மிதவைகளைப் பாருங்கள். ஓம்னி வகை மிதவை காற்று, அழுத்தம் போன்றவற்றை மேலே அளக்கிறது. கீழே 500 மீட்டர் வரை வடத்தில் கட்டிய சென்சார்கள் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. தகவல் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வருகிறது. இதை ஒருமுறை இறக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. சென்சார்களில் பாசியும், ஓட்டுடன் ஒட்டி வளரும் கொட்டலசு என்ற கடலுயிரும் படியும். உப்பைக் கணிக்க நீரின் மின்கடத்தலை அளக்கும் குழாய்க்குள் அவை வளர்ந்தால் உப்பின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீரைக் கொட்டும் வங்கக் கடலில் இது பெரிய தொல்லை: கோளாறான சென்சாரும் ஆற்றுநீர் பரவலும் வரைபடத்தில் ஒரே மாதிரி தெரியும். மிதவைக்கு அடியில் மீன் அடையும் என்பதால் படகுகளை அதில் கட்டுவதும் உண்டு; கம்பம் வளையும், சூரியத் தகடு உடையும், வடம் அறுந்தால் மிதவையே போய்விடும்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது கப்பல் போக வேண்டும். ஒலி சமிக்ஞை அனுப்பி, நங்கூரத்துக்கு மேலிருக்கும் கொக்கியைத் திறந்து, வடத்தைச் சுருட்டி எடுத்து, அளவு சரிபார்த்த சென்சார்கள் பொருத்திய புதிய தொகுதியை இறக்க வேண்டும். கீழே விடப்படும் நங்கூரம் ஒவ்வொரு முறையும் புதுச் செலவு.

வங்கக் கடலில் இதற்கு வாகான காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதன் பிறகு புயல் பருவம், அடுத்துத் தென்மேற்குப் பருவமழை, மறுபடியும் புயல். நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. கடைசிக் காலாண்டில் ஒதுக்கீட்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக் கூடாது என்பது நிதியமைச்சகத்தின் வழக்கமான கட்டுப்பாடு. அலுவலகத்துக்கு நாற்காலி வாங்குவோருக்கு அது பொருந்தும். கப்பல் டீசலுக்கு அதிகம் செலவாகவேண்டிய மாதங்களே அவைதானே! போதாதற்கு, ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையும் 2022 ஜூலையில் நீங்கியது. பெரும்பாலானவற்றுக்கு இப்போது 18 சதவீதம்.

செயற்கைக்கோள் இருக்க மிதவை எதற்கு என்பவர்களும் உண்டு. செயற்கைக்கோள் காண்பது கடலின் மேற்பரப்பு வெப்பத்தை. புயலோ பல பத்து மீட்டர் ஆழத்து வெப்பத்தையும் கலக்கி எடுத்துக்கொள்கிறது. 2017 நவம்பர் 29இல் குமரிக்கடலில் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி மறுநாள் காலையே புயலாகிவிட்டது. நங்கூரமின்றிக் கடலுக்குள் மூழ்கி நகரும் ஆர்கோ மிதவைகள் உதவும்தான், ஆனால் அவை பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வருபவை. காற்றையும் காற்றழுத்தத்தையும் அளப்பதில்லை.

பராமரிப்பில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவை 1982-83இல் முன்கூட்டி அறியத் தவறிய பிறகு, பசிபிக் நடுக்கோட்டில் சுமார் 70 மிதவைகள் கொண்ட 'டாவோ' வரிசை 1994இல் முழுமையானது. 2012இல் செலவைக் குறைக்க அதற்கென இருந்த கப்பலை நிறுத்தினார்கள். 2014 தொடக்கத்தில் வந்துசேர்ந்த தகவல் எதிர்பார்த்ததில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். மிதவைகளுக்கான முதலீடு அப்படியே இருந்தது; அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கப்பல் இல்லை.

பிருத்விக்கு அடுத்து வரும் திட்டத்தில் கப்பல் நாட்கள், வடம், நங்கூரம், சென்சார் அளவு சரிபார்ப்பு ஆகியவற்றுக்குப் புதுக் கருவி வாங்கும் தொகையோடு கலக்காத தனித் தலைப்பு வேண்டும். மார்ச் 31 தாண்டியும் காலாவதியாகாத நிதியாக அது இருக்க வேண்டும். மீனவக் கிராமங்களில் நடத்தும் மிதவை விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கான சிறு தொகையும் அதிலேயே சேரட்டும். ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும், கடலில் எத்தனை மிதவைகள் இயங்குகின்றன, எத்தனை சதவீதத் தகவல் வந்தது என்பதை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
கடல் கருவியியல் பொறியாளர்கள்,
சென்னை