போஸ்ட்கிரெஸ் அப்கிரேட் பாதியில் நின்றுவிட்டால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 13-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. 17, 18 என்று மாறுகிறவர்களிடமிருந்து அழைப்புகள் கூடியிருக்கின்றன. பெரும்பாலும் ராத்திரி நேரத்தில், ஒரே கேள்வியோடு: "பாதியில நின்னுடுச்சு, மறுபடி ஓட்டட்டுமா?"

கொஞ்சம் பொறுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேட் முதலில் சோதனைகளைச் செய்கிறது, அப்புறம் டேபிள்களின் அமைப்பைப் புதியதில் உருவாக்குகிறது, கடைசியில்தான் டேட்டா கோப்புகளைத் தொடுகிறது. முதல் இரண்டு கட்டங்களில் நின்றிருந்தால் பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்கிறது. அதைத் திரும்ப ஓடவிட்டு, காலையில் வழக்கம்போல் வேலையைத் தொடங்கலாம்.

டேட்டா கோப்புகளை நகலெடுக்காத லிங்க் முறையில் ஓட்டியவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டேட்டா பல டெராபைட் என்றால் நகலெடுக்க நேரமும் இடமும் இருக்காது என்பதால் நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். அதில் பழையதும் புதியதும் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. புதியதை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால், பழைய குளோபல் ஃபோல்டரில் பிஜி_கண்ட்ரோல் கோப்பின் பெயரோடு ஒட்டியிருக்கும் '.ஓல்ட்' என்பதை எடுத்துவிட்டாலே போதும், பழையது எழுந்துவிடும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பேக்கப் ஒன்றுதான் வழி. "சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வயிறு கலங்குகிறது. 18-இல் வந்திருக்கும் ஸ்வாப் முறை இன்னும் வேகமானது; ஆனால் கோப்புகளை மாற்றத் தொடங்கியபின் பழையதற்குத் திரும்ப முடியாது. நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அப்கிரேட் நின்றதற்கான காரணம் திரையில் முழுதாகத் தெரியாது. 15 முதல் வந்த பதிப்புகளில், புதிய டேட்டா ஃபோல்டருக்குள் பிஜி_அப்கிரேட்_அவுட்புட்.டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அப்கிரேட் தோற்றால் அது அழியாமல் நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் அதை அனுப்புங்கள்.

18-க்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே தடுக்கி விழும் இடம் செக்சம், அதாவது டேட்டா கெட்டுப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண். 18-இல் அது தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. உங்கள் பழையதில் அநேகமாக இருக்காது. இரண்டும் பொருந்தாவிட்டால் சோதனையிலேயே நின்றுவிடும். புதியதைச் செக்சம் இல்லாமல் உருவாக்கினால் சரியாகிவிடும்.

இன்னொன்று பொல்லாதது. ஸ்கேன் செய்த பில்களை 'லார்ஜ் ஆப்ஜெக்ட்' ஆக டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்திருப்பவர்கள் உங்களில் சிலர் உண்டு. இங்கே பிரச்சினை மொத்த அளவு அல்ல, எண்ணிக்கை. 16 வரை, ஒவ்வொரு பில்லுக்கும் உரிமையாளர், அனுமதி விவரம் தனித்தனியாக எடுத்துச் செல்லப்படும். அது கோடிக்கணக்கில் போனால் மெமரி தீர்ந்து புரோகிராம் இறந்துவிடும், இல்லை விடிய விடிய ஓடும். 17-இலிருந்து கொத்துக் கொத்தாகக் கையாள்வதால் நிலைமை பரவாயில்லை. எப்படியானாலும், எந்த டேபிளும் சுட்டாத அநாதை ஆப்ஜெக்ட்களை வேக்யூம்எல்ஓ என்ற கருவி கொண்டு முன்பே துடைத்துவிடுவது நல்லது.

அப்கிரேட் முடிந்தபின் எல்லாம் மந்தமாக இருந்தால் டேபிள்களின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டினீர்களா என்று பாருங்கள். 17 வரை அந்தப் புள்ளிவிவரங்கள் புதியதற்கு வராது. 18-இல் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. கூடவே சர்வரின் லினக்ஸையும் மாற்றினால், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-இல் எழுத்துகளின் வரிசை மாறியிருப்பதால் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டிவரும்.

தேதி குறிப்பதற்கு முன் பிஜி_அப்கிரேட்டின் செக் (சோதனை மட்டும் செய்யும் முறை) ஒருமுறை ஓட்டி, வரும் வெளியீட்டை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய சர்வரை நிறுத்தாமல் பகலிலேயே அதைச் செய்யலாம்.

அன்புடன்,
டேட்டாபேஸ் பராமரிப்புக் குழு