மகளுக்கு, வின் ஸ்கல்லியைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

உன் பல்கலைக்கழக வானொலியில் நீ வழங்கிய பேஸ்பால் வர்ணனையின் ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டேன். குரல் தெளிவாக இருக்கிறது. ஆட்டமும் உனக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது. ஆனால் கடைசி இன்னிங்ஸில் பந்து வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆன நேரத்தில் கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தை உன் பேச்சு முழுவதுமாக மூடிவிட்டது. அதைக் கேட்டதும் பேஸ்பால் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் நினைவு வந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு நான் வந்த புதிதில், வேலை முடிந்து திரும்பும் வழியில் கார் வானொலியில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் இந்த ஆட்டத்தின் விதிகளையே கற்றுக்கொண்டேன்.

1927-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த அவர், சிறுவயதில் வீட்டிலிருந்த பெரிய வானொலிப் பெட்டியின் அடியில் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டு, கூட்டத்தின் இரைச்சல் தன்மேல் பொழிவதைக் கேட்டு மெய்மறந்து கிடப்பாராம். உன்னைப்போலவே அவரும் மாணவராக, ஃபோர்டம் பல்கலைக்கழக வானொலியில்தான் பேசிப் பழகினார். 1950-இல், 22 வயதில், மூத்த வர்ணனையாளர் ரெட் பார்பரின் கீழ் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் வர்ணனைக் குழுவில் சேர்ந்தவர், 1958-இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தபோது உடன் வந்து, 2016 வரை மொத்தம் 67 பருவங்கள் அதே அணிக்காகப் பேசினார். தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்தும் கோல்ஃபும்கூட வர்ணித்தார். எனக்கென்னவோ அவர் பேஸ்பாலுக்கே உரியவர்.

1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் தமது 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் வாழ்நாள் ஹோம் ரன் சாதனையை முறியடித்தபோது, பந்து போய்விட்டதை மட்டும் அறிவித்துவிட்டு, ஸ்கல்லி ஒலிவாங்கியிலிருந்து விலகிக் கூட்டத்தைப் பேசவிட்டார். நீண்ட நேரம் கழித்துத்தான் திரும்பி வந்து, அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் ஒரு கறுப்பின மனிதருக்காக மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். முன்கூட்டியே எழுதி வைத்த வசனம் எதுவும் அந்த இடத்தில் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

அதற்காக அவர் சொல்லில் சிக்கனக்காரர் என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் துணை வர்ணனையாளர் இல்லாமல் தனியாகவே பேசியவர். பந்துக்கும் பந்துக்கும் இடையில் கதைகள் சொல்லிக்கொண்டே இருப்பார். 1965 செப்டம்பர் 9 அன்று டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் எதிரணியில் ஒருவரைக்கூடத் தளம் சேரவிடாமல் ஆட்டத்தை முடித்த இரவில், மணி 9:46 என்று வானொலியில் நேரத்தையும் சேர்த்தே சொன்னார். பின்னாளில் அந்த ஒலிப்பதிவைக் கேட்பவருக்கும் அந்தக் கணம் துல்லியமாகக் கிடைக்கட்டும் என்ற அக்கறை அது.

1955-இல் புரூக்ளின் அணி பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை முதல் முறையாக வென்றபோது, அணி உலகச் சாம்பியன் ஆகிவிட்டது என்று ஒரே வாக்கியம் சொல்லி நிறுத்திக்கொண்டார். மேலும் ஒரு சொல் பேசியிருந்தால் அழுதிருப்பேன் என்று பிற்பாடு அவரே காரணம் சொன்னார்.

அடுத்த ஆட்டத்தின் பதிவையும் மறக்காமல் அனுப்பு. அம்மாவும் கேட்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா