பிரசவ அறையிலிருந்து வந்த உதவிக்கு நன்றி

கர்ப்பகால மலேரியாத் தடுப்பூசி ஆய்வுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, பிள்ளை பெற்ற களைப்பிலும் நஞ்சுக்கொடியை ஆய்வுக்குத் தரச் சம்மதித்த தாய்மார்களுக்கு. கென்யாவின் கிசுமுவில் இப்படிக் கிடைத்தவற்றைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் மிக்கல் ஃபிரீடும் பேட்ரிக் டஃபியும் 1996இல் ஒன்றைக் காட்டினார்கள்: ஃபால்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள், நஞ்சுக்கொடியிலுள்ள காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்னும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. விரல்நுனி ரத்தத்தில் கிருமி தெரியாமல் போவதும் இதனால்தான். அணுக்கள் பற்றிக்கொள்ள உதவும் புரதம் வார்2சிஎஸ்ஏ. தடுப்பூசியின் இலக்கு அதுவே. தலைப்பிரசவத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) தாயிடம் இருக்காது. எடை குறைந்த குழந்தைகள் அப்போதுதான் அதிகம்.

மருத்துவச்சிகளே, நீங்கள் எடுத்த பக்குவத்தில்தான் ஆய்வின் தரம் இருக்கிறது. நஞ்சுக்கொடியின் தாய்ப்புறத்தில், கொப்பூழ்க்கொடிக்கும் விளிம்புக்கும் நடுவே துண்டு எடுத்தீர்கள். விளிம்பில் வெட்டினால் பழைய ரத்தக் கட்டியும், ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதமான ஃபைப்ரினும்தான் மிஞ்சும். திசுவின் அளவைப் போல் பத்து மடங்கு, அமிலத்தன்மை நீக்கிய 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவத்தில்) உடனே போட்டீர்கள். ஃபார்மலின் புளித்து அமிலமாகிவிட்டால் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்புத் துகள் படியும். நுண்ணோக்கியில் அது, மலேரியாக் கிருமி விட்டுச்செல்லும் நிறமியைப் போலவே தெரியும். நோயில்லாத தாய்க்கும் நோய் என்று முடிவு எழுதிவிட நேரும். உயிருள்ள கிருமி வேண்டிய மாதிரிகளில் ரத்தம் உறையுமுன், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்ததும் உங்கள் கவனமே.

கிருமியை வளர்க்கும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்களின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. வளர்ப்பில் சில வாரம் விட்டாலே கிருமி வேறு புரதத்துக்கு மாறி, பற்றும் திறனை இழந்துவிடும். அதனால் சர்க்கரைச் சங்கிலி பூசிய தட்டில் மறுபடி மறுபடி ஒட்டவைத்துப் பொறுக்க வேண்டும். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்த தொடக்க நிலையான வளையப் பருவத்தில் இதைச் செய்தால் பலன் இல்லை. அணுவின் மேற்பரப்பில் புரதம் வரச் சுமார் ஒரு நாள் ஆகும்.

ரத்தம் கொடுத்த ஆண்களையும் மறக்க முடியாது. அதே ஊரில் வாழும் அவர்களுக்கு மலேரியா ஆன்டிபாடிகள் உண்டு. கர்ப்பம் தரிக்காததால் இந்தப் புரதத்துக்கு எதிரானவை இல்லை. பலமுறை பெற்ற பெண்களின் சீரம் (ஆன்டிபாடிகள் உள்ள ரத்தத் தெளிநீர்) பற்றுதலைத் தடுத்து, ஆண்களின் சீரம் தடுக்காவிட்டால்தான் சோதனையை நம்புவோம்.

வார்2சிஎஸ்ஏ புரதத்தைக் கொண்டு செய்த ப்ரிம்வாக் தடுப்பூசியின் முதற்கட்டப் பரிசோதனையில் பிரான்சிலும் புர்கினா ஃபாசோவிலும் சேர்ந்த 68 பெண்களுக்குத் தனி வணக்கம். இதுவரை கர்ப்பமே தரிக்காத அவர்கள் 0, 28, 56ஆம் நாள்களில் ஊசி போட்டுக்கொள்ளவும் சிறிது காலம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடவும் இசைந்தார்கள். ஊசியிலிருந்த புரத வகைக்கு எதிராக ஆன்டிபாடி நன்றாக உருவானது. மற்ற வகைகளுக்கு எதிராகக் குறைவு. இதைத் தோல்வி என்று நாங்கள் எண்ணவில்லை. புரதத்தின் எந்தப் பகுதி எல்லா வகைகளுக்கும் பொது என்பதே இனித் தேட வேண்டியது. அந்தத் தேடலுக்கும் உங்கள் சீரமும் நஞ்சுக்கொடி மாதிரிகளும்தான் வேண்டும்.