அவசரமில்லை என்று சொல்ல ஒரு வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரில் இணைய மளிகை வளர்ந்த கதையைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எவ்வளவு முதலீடு, எத்தனை நகரம், எத்தனை நிமிடம் என்று விவரமாக இருந்தது. ஆனால் முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை எல்லாமே வேகத்தின் புகழ்தான். நான் அல்சூரில் முப்பத்தெட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள். இந்தத் தொழில் இந்த ஊரில் எவ்வளவு நிதானமாக வேர் பிடித்தது என்று கூடவே இருந்து பார்த்தவள். அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கட்டுரை 2011-ல் ஆரம்பிக்கிறது. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1999-ல், ஹரி மேனன், வி.எஸ். சுதாகர் உள்ளிட்ட நண்பர்கள் சேர்ந்து ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கிவிட்டார்கள். டெலிபோன் வயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் இணையம் கிடைத்த காலம். கார்டு நம்பரைத் திரையில் அடிக்க யாருக்கும் தைரியம் கிடையாது. அது பெரிதாக எடுபடவில்லை. அவர்கள் ஃபேப்மால் என்று தெருவில் நிஜக் கடைகள் திறந்தார்கள். பின்னால் அவை கை மாறி ஆதித்ய பிர்லா குழுமத்திடம் போய் ‘மோர்’ என்று பெயர் மாறின. அந்தப் பழைய கூட்டாளிகள்தான் 2011-ல் பிக்பாஸ்கெட் என்ற இணைய மளிகைக் கடையோடு திரும்பி வந்தார்கள். பருப்பு எங்கிருந்து வருகிறது, கீரை எத்தனை மணி நேரத்தில் வாடும், கணக்கு எங்கே இடிக்கும் என்றெல்லாம் கடை நடத்திப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். பிற்பாடு வந்த வளர்ச்சிக்கு அடித்தளமே இந்தப் பன்னிரண்டு வருடம்தான் என்பேன். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீட்டில் 2013 வாக்கில் பிக்பாஸ்கெட்டில் முதல் முறை ஆர்டர் போட்டோம். என் மாமியாருக்கு முழங்கால் வலி, கடைக்கு வர முடியாது. ஆனால் சாமான் லிஸ்ட் மட்டும் அவர் சொல்லித்தான் எழுத வேண்டும். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் யோசித்துத் தேடுவேன். இட்லி அரிசி, உளுந்து, கல் உப்பு வரை ஓடிவிடும். சுண்டைக்காய் வற்றலில் நிற்கும். வேப்பம்பூ கிடைக்கவே இல்லை, சித்திரை ஒன்றுக்கு அதை அண்ணாச்சி கடையில்தான் வாங்கி வந்தேன். மறுநாள் காலை ஒரு வேன் வந்து நின்றது. பிளாஸ்டிக் கூடையை வாசலிலேயே இறக்கி, பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு முருங்கைக்காயை எடுத்து லேசாக முறுக்கிப் பார்த்தார். முற்றல். "இது வேண்டாம்ப்பா" என்றார். வந்தவர் ஒரு கேள்வி கேட்காமல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பில்லில் கழித்துவிட்டார். அன்றைக்கே மாமியாருக்கு அந்தக் கம்பெனி மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் மாதச் சாமான் முழுக்க அங்கேதான்.

அந்த ஏற்பாட்டில் ஒரு சமர்த்து இருந்தது. இன்று ஆர்டர் வாங்கி நாளை கொடுப்பதால், எவ்வளவு கொத்தமல்லி வேண்டும், எவ்வளவு தக்காளி வேண்டும் என்று முந்தின நாளே தெரிந்துவிடும். விடியற்காலையில் வந்து இறங்கும் காயை அந்தக் கணக்குக்குப் பிரித்துக் கூடையில் போட்டால் போதும், வீணாவது குறைவு. ஒரு வேனில் ஒரே பக்கத்தைச் சேர்ந்த பல வீட்டுச் சாமானை ஏற்றிவிடலாம். ஓட்டுகிறவர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவார். காலையா மாலையா என்று நாமே நேரம் தேர்ந்தெடுத்ததால், அவர் வரும்போது வீட்டில் ஆள் இருக்கும். யாரும் யாரையும் துரத்தவில்லை.

பிறகு, நாளை என்பது போய், சாமானை நிமிடக் கணக்கில் கொண்டுவரும் கம்பெனிகள் வந்தன. 2020-ல் ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் வந்தது. அடுத்த வருடம் மும்பையில் பத்தொன்பது வயதுப் பையன்கள் இருவர் ஸெப்டோவை ஆரம்பித்தார்கள். அந்த வருடக் கடைசியில் குரோஃபர்ஸ் என்ற இணைய மளிகைக் கம்பெனி தன் பெயரையே பிளிங்கிட் என்று மாற்றிக்கொண்டது. 2021-ல் டாடா கைக்குப் போன பிக்பாஸ்கெட்டும் பிபி நவ் என்று நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டது. இப்போது எங்கள் பகுதியிலும் ஷட்டர் பாதி இறக்கிய சிறு கிடங்குகள் வந்துவிட்டன. வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத கடைகள். வாசலில் வரிசையாக ஸ்கூட்டர்கள், அவற்றின் மேலேயே சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள். ஒவ்வொரு வண்டியும் பெரும்பாலும் ஒரு வீட்டுச் சாமானைத்தான் சுமந்து ஓடுகிறது. அன்று ஒரு வேன் செய்த வேலைக்கு இன்று எத்தனை வண்டி, எத்தனை உயிர் தெருவில் இறங்குகிறது என்று பாருங்கள்.

போன ஆடி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் விருந்தாளி வருகிறார்கள் என்று அரைக் கிலோ ரவையும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும் போனில் ஆர்டர் போட்டேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வெளியே மழை. பதினொன்றாவது நிமிடம் கதவைத் தட்டினான் ஒரு பையன், இருபது வயது இருக்கும். மழைக்கோட்டுக்குக் கீழே பேன்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம் வழிந்து சாக்ஸ் வரை இறங்கியிருந்தது. முனைத் திருப்பத்தில் வழுக்கி விழுந்துவிட்டானாம். கையில் ரவைப் பை நனையாமல் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அவன் முதலில் சொன்னது, "லேட் ஆயிடுச்சும்மா, ரேட்டிங் மட்டும் குறைச்சிடாதீங்க" என்பதுதான். தருமபுரிப் பக்கத்துத் தமிழ். உள்ளே உட்காரச் சொல்லி டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டேன். காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டான். அந்த ரவை எனக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தாலும் உப்புமா ஆகியிருக்கும். ஆனால் அதை அந்தப் போனில் சொல்ல வழி இல்லை. ‘சீக்கிரம்’ என்பது ஒன்றைத்தான் அது எனக்குக் கொடுத்தது.

அண்ணாச்சி கடைக்கு போன் செய்தால் நாங்கள் என்ன சொல்வோம்? "ஒண்ணும் அவசரமில்லை அண்ணாச்சி, பையன் இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புங்க" என்போம். அந்தப் பையன் ஆறேழு வீட்டுக்குச் சேர்த்து சைக்கிளில் எடுத்துக்கொண்டு வருவான். நான் கேட்பது அந்த ஒரு வரிதான். ஆர்டர் போடும் இடத்தில் ‘அவசரமில்லை, சாயங்காலத்துக்குள் வந்தால் போதும்’ என்று ஒரு பொத்தான். அதுவும் எங்கோ நாலு பக்கம் தள்ளி ஒளிந்திருக்கக் கூடாது, முதலில் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். மருந்தோ குழந்தைக்குப் பால் பவுடரோ வேண்டியவர்கள் ‘சீக்கிரம்’ என்று கேட்டுக்கொள்ளட்டும். மற்ற ஆர்டரை எல்லாம் தெரு வாரியாகச் சேர்த்து அனுப்பினால் கம்பெனிக்கும் செலவு மிச்சம்தானே.

இதை எங்கள் கட்டிடத்துக்கு அடிக்கடி வரும் இன்னொரு தம்பியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவா போனா ஆர்டர் குறையும்மா, ஆர்டருக்குத்தான் காசு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது சரி. நிதானம் என்ற பெயரில் அவர் கூலியில் கை வைத்தால் அதுவும் அநியாயம்தான். ஆகவே வண்டியோடு வேலையில் நிற்கும் மணி நேரத்துக்கும் கூலி கணக்கிட வேண்டும். பொத்தானை மட்டும் கொடுத்துவிட்டு இதை விட்டுவிட்டால் பாரம் மொத்தமும் அந்தப் பையன்கள் தலையில்தான் விழும்.

2025-ல் கர்நாடக அரசு கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது இப்படிச் செயலி வழியே வேலை வாங்கிச் செய்பவர்களுக்கு, சட்டம் கொண்டுவந்ததை வரவேற்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கும் கூலியின் மேல் 1 முதல் 5 சதவீதம் வரை கம்பெனி நல நிதிக்குக் கட்ட வேண்டும். காரணம் எழுதிக் கொடுத்து 14 நாள் முன்னறிவிப்பு தராமல் ஆளை நீக்க முடியாது. நல்ல விஷயங்கள். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா கம்பெனிகளிடம் பேசிய பிறகு, ‘10 நிமிடம்’ டெலிவரி என்ற விளம்பர வாசகத்தை பிளிங்கிட் எடுத்துவிட்டது. அதுவும் நல்லதே. ஆனால் விளம்பரத்திலிருந்து ஒரு எண் போனதால் மட்டும் தெருவில் ஓட்டம் குறைந்துவிடாது. ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும் வரை அந்தப் பையன் மழையிலும் வண்டியை முறுக்கத்தான் செய்வான்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இந்தக் கம்பெனிக்காரர்களைச் சந்திக்கும்போது, எத்தனை நிமிடம் என்று கேட்பதோடு இந்த இரண்டையும் கேட்கட்டும். அவசரமில்லாத வாடிக்கையாளருக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள், எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு வீட்டிலும் படித்துக் காட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு