அந்த டிராயரைப் பூட்டுங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாளுக்கு) நாங்கள் ஏன் வரவில்லை என்பது உங்களுக்கும் அண்ணிக்கும் தெரியும். தொலைபேசியில் நடந்த பேச்சை இங்கே எழுதப்போவதில்லை; சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் பிள்ளைகளின் பெயர்களையும் தவிர்க்கிறேன். என் முடிவு இதுதான்: உங்கள் துப்பாக்கி பூட்டுக்குள் போகும்வரை என் பிள்ளைகள் உங்கள் வீட்டில் தங்க மாட்டார்கள்.

முன்பு உங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று, தைலம் எடுத்துவர அண்ணி என்னை அனுப்பினார். கட்டிலருகே இருந்த டிராயரில், அமிர்தாஞ்சன் புட்டிக்கும் அம்மாவின் பழைய கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் அது கிடந்தது. நான் திகைத்து நின்றபோது பின்னால் வந்த உங்கள் மகன், "அத்தை, தொடாதீங்க, லோட் பண்ணித்தான் இருக்கு" என்றான். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான், தங்கமான பிள்ளை. ஆனால் அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் பதினைந்து வயதுப் பையனுக்கு அத்துப்படியாக இருந்ததை நினைத்து அன்றிரவு நான் உறங்கவில்லை.

நம் பிள்ளைகள் அதை எடுத்து யாரையாவது சுடுவார்களா என்று கேட்டீர்கள். நாம் இருக்கும் இதே மிச்சிகன் மாநிலத்தில், 2021 நவம்பர் 30 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றவனுக்கும் வயது 15தான். தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் தந்தை வாங்கிய துப்பாக்கி அது. அன்று காலை அவன் கணக்குத் தாளில் துப்பாக்கியை வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்ததைக் கண்டு பள்ளி பெற்றோரை வரவழைத்தது. அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை, அவன் புத்தகப் பையை யாரும் திறந்து பார்க்கவுமில்லை. துப்பாக்கியோடு வந்த கம்பிப் பூட்டு உறை பிரிக்கப்படாமலே வீட்டில் கிடந்தது. 2024இல் தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுகள் சிறைத் தண்டனை கிடைத்தது.

அதிபரைப் பாதுகாக்கும் அமைப்பான அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ், 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்தது. துப்பாக்கி ஏந்தியவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள். பூட்டு உங்கள் மகன் மீதான சந்தேகம் அல்ல, அண்ணா. தேர்வில் தோற்ற ஓர் இரவில் ஒரு பிள்ளை தன்னையே சுட்டுக்கொள்ளவும் அதே டிராயர் போதும்.

எல்லோர் முன்னிலையிலும் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தியதற்கு வருந்துகிறேன், கேட்டதற்காக அல்ல. என் கல்லூரிக் கட்டணத்துக்காக இரட்டை ஷிஃப்ட் பார்த்தவர் நீங்கள், அந்தக் கடனை நான் மறந்ததில்லை. அதற்காக, பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எனக்குப் பேசத் தகுதியில்லை என்று நீங்கள் சொன்னதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. நகைத் திருட்டுக்குப் பயந்துதான் வாங்கினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. நகையை வங்கி லாக்கரில் பூட்டத் தெரிந்த உங்களுக்கு இதைப் பூட்ட ஏன் மனம் வரவில்லை?

சிறுவர்கள் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலோ, குண்டு நீக்கிப் பூட்டுப் போட்டோ வைக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் இங்கே சட்டமும்கூட. எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அவன் பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள். வாங்கியதும் அண்ணியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகளை நானே கொண்டுவந்து விடுகிறேன்.

உங்கள் தங்கை