காலேஜ் ஃபயர்வால் பாத்துக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை சுத்துவட்டாரக் காலேஜ்கள்ல நெட்வொர்க் பாத்துக்கிற அண்ணன்மார், அக்காமார், அவங்க ஃபைல்ல கையெழுத்துப் போடுற பிரின்சிபால் ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம்.

சனி ஞாயிறுல உங்க பிள்ளைங்களுக்குத்தான் பைத்தான் சொல்லித் தர்றேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம்னு அங்கிட்டு இங்கிட்டு இருந்து வர்றவங்க, முக்காவாசிப் பேர் வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, காலேஜ் லேப்தான் கதி. ரம்மி சைட்டு, வைரஸ் சைட்டு பூராத்தையும் அடைங்க, கண்டிப்பா அடைக்கணும். ஆனா நீங்க ஃபயர்வால்ல (எந்த சைட் போகலாம், எது கூடாதுன்னு தடுக்குற பெட்டில) அடைக்கிற விதத்துல படிக்கிற பிள்ளைக்கும் சேத்து வழி மறிச்சுப் போகுது, அதுக்குத்தான் இந்த மடல்.

நடக்குறத அப்படியே சொல்றேன். ஒரு பிள்ளை பாண்டாஸ்ங்கிற பைத்தான் பேக்கேஜ (ரெடிமேட் கோடு) இறக்க, பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்னு அடிக்குது. பேக்கேஜ் பட்டியல் இருக்குற பைபிஐ டாட் ஆர்க் உங்க அலவ் லிஸ்ட்ல (உள்ள விடலாம்னு எழுதுன பட்டியல்ல) இருக்கு, அதனால பேக்கேஜ் பேரு டக்குனு வந்துருது. ஆனா ஃபைல் அங்க இருந்து இறங்காது, ஃபைல்ஸ் டாட் பைத்தான்ஹோஸ்டட் டாட் ஆர்க்னு வேற டொமைன்ல இருந்து இறங்கும், அத யாரும் லிஸ்ட்ல போடல. ரீட்ரையிங் ரீட்ரையிங்னு வார்னிங்கா ஓடி கடைசில எரர்ல நிக்கும். நடுவுல ஃபயர்வால்னு ஒண்ணு இருக்குறதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, நமக்கு இதெல்லாம் வராதுன்னு முடிவு பண்ணி கீபோர்ட விட்டு கையெடுத்துருது. எனக்கு அதுதான் தாங்கல. கோடு பகிர்ந்து வைக்கிற கிட்ஹப்பும் இப்படித்தான், மெயின் சைட் தொறக்கும், ஆனா ஃபைல நேரா தர்ற ரா டாட் கிட்ஹப்யூசர்கன்டென்ட் டாட் காம் அடைபட்டிருந்தா ஒரு சிஎஸ்வி டேட்டா ஃபைலக்கூட நேரா எடுக்க முடியாது.

இன்னொண்ணு இதவிட ஆபத்து. பூட்டுப் போட்டு வர்ற தகவல நடுவுல தொறந்து பாக்குற எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன போட்டுட்டு காலேஜோட ரூட் சர்டிஃபிகேட்ட (அந்தப் பெட்டிய நம்பலாம்னு சொல்ற சான்ற) மெஷின்ல போடாம விட்டுர்றாங்க, இல்ல பிரவுசருக்கு மட்டும் போட்டுர்றாங்க. உடனே பிப், கோடு இறக்குற கிட் எல்லாம் சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டுனு கத்தும். பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க, நெட்ல தேடி டிரஸ்டட் ஹோஸ்ட் ஆப்ஷன் குடுப்பாங்க, கிட்ல எஸ்எஸ்எல் வெரிஃபைய ஃபால்ஸ்னு மாத்துவாங்க, ரெண்டும் சர்டிஃபிகேட் சோதனைய நிறுத்துற வேலை, அந்தப் பழக்கத்தோடயே நாளைக்கு வேலைக்கும் போவாங்க. பாதுகாப்புக்குன்னு வச்ச பெட்டி, பாதுகாப்ப அணைக்கச் சொல்லிக் குடுக்குது. சர்டிஃபிகேட்ட லேப் இமேஜ்லயே (எல்லா மெஷினுக்கும் காப்பி பண்ற மூலப் பதிப்புல) போட்டு பைத்தானுக்கும் கிட்டுக்கும் அந்தப் பாதைய காட்டிருங்க, இல்லாட்டி இந்த நாலஞ்சு டொமைன இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்து விலக்கிருங்க.

டொமைன் பேர விட்டுட்டு ஐபிய (அதோட நெட்வொர்க் நம்பர) அடைக்கிறது தயவுசெஞ்சு வேணாம். பல சைட்டுகளுக்கு முன்னாடி நின்னு டிராஃபிக்க வாங்கித் தர்ற கிளவுட்ஃப்ளேர் மாதிரி இடத்துல ஒரே ஐபிக்குப் பின்னாடி ஏகப்பட்ட சைட் இருக்கும், டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடைய மூடச் சொன்னா ரோட்டையே அடைச்ச கணக்கா ஆயிரும். 2018 ஏப்ரல்ல ரஷ்யால டெலிகிராம நிறுத்துறதுக்கு அமேசான், கூகுள் கிளவுட் ஐபிகள ஒரு கோடிக்கு மேல அடைச்சாங்க, சம்பந்தமே இல்லாத சேவைகள் அம்புட்டும் விழுந்துச்சு, டெலிகிராம் பாட்டுக்கு ஓடுச்சு, 2020ல தடையையே எடுத்துட்டாங்க. நம்ம நாட்டுலயும் 2014 டிசம்பர்ல அடைச்ச 32 சைட்டுல கிட்ஹப்பும் ஒண்ணு, சில பக்கங்களுக்காக முழு சைட்டும் போச்சு.

வார்த்தைய வச்சு அடைக்கிற ரூல் இருந்தா அதையும் எடுத்துருங்க, எம்எஸ் அப்ளை பண்ற பையனுக்கு எஸ்ஸெக்ஸ் யுனிவர்சிட்டி சைட்டே தொறக்காமப் போயிரும், ஏன்னா அந்தப் பேரோட இங்கிலீஷ் எழுத்துக்குள்ள செக்ஸ்ங்கிற வார்த்தை ஒளிஞ்சிருக்கு. அலவ் லிஸ்ட் எழுதுறப்பயும் கவனம், பைபிஐ டாட் ஆர்க்னு முடியிறதெல்லாம் வரலாம்னு மொட்டையா ரூல் எழுதுனா, அதுக்கு முன்னாடி நாலு எழுத்து ஒட்டிக்கிட்டு வர்ற போலி டொமைனும் உள்ள வந்துரும். சப்டொமைன் வேணும்னா முன்னாடி புள்ளி வச்சு எழுதணும்.

அடைக்கிறப்ப சும்மா டைம்அவுட் ஆக விடாதீங்க. பிரவுசர்ல ஒரு பிளாக் பேஜ் வரட்டும், எந்த ரூல்ல மாட்டுச்சு, யார்கிட்ட கேக்கணும்னு தமிழ்ல ரெண்டு வரி போதும், லேப் அசிஸ்டன்ட் கேட்டா அன்னைக்கே தொறந்து விடுற மாதிரி இருக்கணும்.

உங்க மெஷின்ல எல்லாம் ஓடும், ஏன்னா அட்மின் லாகினுக்கு ஃபில்டர் இருக்காது. அடுத்த செமஸ்டர் லேப் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டூடன்ட் லாகின்ல, ஸ்டூடன்ட் உக்கார்ற மெஷின்லயே உக்காந்து, சிலபஸ்ல இருக்குற ஒவ்வொண்ணையும் இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. ஆள் பத்தலன்னா கூப்புடுங்க, எந்தச் சனிக்கிழமைன்னாலும் நான் வந்து கூட உக்கார்றேன்.